எறும்பு இல்லாத அரைஞாண்

என் ராசாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், அங்கே உன் நலத்துக்கு எழுது என்றுதான் கடிதம் தொடங்க வேண்டும் என்பார் உன் மௌல்மீன் மாமா. எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் அவர், அவர் பேச்சைத் தட்டக் கூடாதுதான். ஆனால் இங்கே நலமில்லை. முதல் வரியிலேயே பொய் எழுதிவிட்டால் அப்புறம் உண்மை எழுதக் கை வராது. ஆகையால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நீ ரங்கூனை விட்டுக் கப்பலேறிப் போன நாளிலிருந்து உன் அப்பா பட்டறையில் உட்காரவில்லை. உலை அணைந்தே கிடக்கிறது. காலையில் எழுந்து வாசல் மரப்படியைப் பார்த்தபடி நாற்காலியில் உட்காருகிறார், சோற்றுக்குக் கூப்பிட்டால் வருகிறார், மறுபடி போய் உட்காருகிறார். கண்ணில் பூ விழுந்தது போன வருஷமே உனக்குத் தெரியும். இப்போது ஆளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார். யாராவது படியில் கால் வைத்தால் உடம்பு ஒரு முறை தூக்கிப் போடுகிறது. உன் காலடியை எதிர்பார்த்துத்தான் அப்படி என்று பக்கத்து வீட்டு மா சேன் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது பாதிதான் சரி. மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ அவருக்கு முன்னால் வீசிவிட்டுப் போன வெள்ளி அரைஞாண் விழுந்த இடத்திலேயே, பட்டடைக்குப் பக்கத்தில், பல நாள் கிடந்தது. அவரும் எடுக்கவில்லை, என்னையும் எடுக்க விடவில்லை. நீ அன்றைக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. "ஊரான் புள்ளைக்கெல்லாம் எறும்பு போட்டுக் குடுத்தீங்க. பெத்த புள்ளைக்கு மட்டும் மொட்டையா? உங்க தொழிலுக்கு நான் வரலேங்கிற கோவத்தை இதுலயா காட்டணும்?" என்று கேட்டாய். அவர் வாயைத் திறக்கவில்லை. உனக்கும் கோபம், கப்பலுக்கும் நேரமாகிவிட்டது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். உன்னை நான் குறை சொல்லவில்லை. அந்த நிலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் நீ நினைத்தது தப்பு. அதைத் தப்பு என்று சொல்ல வேண்டுமானால் உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அப்பா என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் தலைக்கு என்ன வந்தாலும் வரட்டும், கிழவிக்கு இனி என்ன தலை.

எறும்பு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். நீ அப்போது தவழும் குழந்தை. தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய ஓர் அமெரிக்க அம்மாள் கைப்பிடி விட்டுப்போன வெள்ளிக் கரண்டி ஒன்றைக் கொண்டு வந்தாள். அவளுடைய பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்துக் கரண்டியாம். கைப்பிடியின் பின்பக்கம், அரசிலை போன்ற ஒரு சின்னக் கட்டத்துக்குள் அவர்கள் எழுத்து இரண்டு குத்தியிருந்தது. அது என்ன என்று உன் அப்பா கேட்டார். "அது செஞ்ச தட்டான் பேரு" என்று அந்த அம்மாள் தன் மழலைத் தமிழில் சொன்னாள். அவர்கள் நாட்டில் அந்தக் காலத்தில் வெள்ளியைச் சோதித்து முத்திரை போட சர்க்கார் கச்சேரி எதுவும் இல்லையாம். தட்டானுடைய பெயர்தான் ஜாமீன். வெள்ளியில் கலப்படம் இருந்தால் அவன் மானம் போகும். இன்னொன்றும் சொன்னாள். வீட்டில் திருடன் புகுந்து கரண்டியைக் கொண்டுபோய் வேறொரு தட்டானிடம் விற்கப் பார்த்தால், அவன் முத்திரையைப் பார்த்து இது இன்னார் செய்தது, இன்னார் வீட்டுப் பொருள் என்று பிடித்து வைத்துவிடுவானாம். உன் அப்பா அன்றைக்கு முழுவதும் அந்தக் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பேரைப் பார்த்துப் பொருளு வீடு திரும்புது, பாத்தியா" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

நம் ஆட்கள் செய்யும் நகையில் யார் பெயர் போட்டார்கள்? பர்மாக்காரத் தட்டான்களாவது கிண்ணத்தின் அடியில் ஒரு மானையோ யானையோ செதுக்குவார்கள். நம்மிடம் வந்ததெல்லாம் கப்பல் துறையிலும் அரிசி மில்லிலும் மூட்டை தூக்கும் சனங்கள். வருஷக் கணக்கில் வயிற்றைக் கட்டி ஒரு வெள்ளி அரைஞாண் செய்துகொள்வார்கள். அவர்களுக்கு எழுத்துப் போட்டு என்ன பயன் என்று, படிக்காதவனுக்கும் தெரிய ஓர் உருவம் தேடினார். கடைசியில் எறும்பு. "உலகத்துல வேற உருவமே கெடைக்கலையா உங்களுக்கு?" என்று நான் சிரித்தேன். "தன் எடையைப் போல பல மடங்கு தூக்குற சாதி வேற எது, சொல்லு" என்றார். இரும்பில் தானே அச்சு வெட்டினார். ஆறு காலும் இரண்டு மீசையும் துல்லியமாக விழும். நீ கொஞ்சம் வளர்ந்ததும் அந்த அச்சை எடுத்துக்கொண்டு போய் வெல்லக் கட்டியில் குத்தி வைப்பாய். அப்புறம் நிஜ எறும்பும் வரும். உன்னை அடிக்கப் போனால் அவர் குறுக்கே விழுவார். நீ பெரியவனானதும் எல்லாருக்கும் செய்ததை விடக் கனமாக, எறும்பு போட்டு உனக்கு ஒன்று செய்து தருவதாக அப்போதே சொல்லி வைத்திருந்தார். அந்தப் பேச்சைத்தான் நீ நினைவில் வைத்திருந்தாய்.

பசுந்தாங் ஓடையில் ஒரு தடவை சம்பான் படகு கவிழ்ந்தது. ஆள் கரையொதுங்கியபோது முகம் அடையாளம் தெரியவில்லை. இடுப்பில் கிடந்த வெள்ளியைக் கூலி ஆட்களின் மேஸ்திரி ஒருவர் கழற்றி எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். உன் அப்பா கணக்குப் புத்தகம் வைத்தவர் இல்லை. ஆனால் ஒவ்வொரு கொக்கியையும் ஒவ்வொரு விதமாக வளைப்பார், வளைத்த விரலுக்கு அது யாருக்கு வளைத்தது என்று மறக்காது. கொக்கியைத் தடவிப் பார்த்துவிட்டுப் பெயரையும் ஊரையும் சொன்னார். ஊருக்குத் தகவல் போயிற்று, அங்கே கருமாதி நடந்தது. அதிலிருந்து எறும்புக்கு மவுசு வந்துவிட்டது. "பத்தரே, எறும்பு போட்டுக் குடுங்க. நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா வீட்டுக்கு ஒரு சேதியாவது போவும்" என்று வந்து நிற்பார்கள். செத்தால் அரணாக்கயிற்றைக் கூட அறுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள் என்று நாம் சொல்வோமே, கடல் தாண்டிப் பிழைக்க வந்த இவர்கள் அப்படி அறுத்தெடுக்கும் அரைஞாண்தான் வீட்டுக்குச் சேதி கொண்டுபோகும் என்று நம்பினார்கள். உன் அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். மேஸ்திரி துணியில் சுற்றிக்கொண்டு படியேறினால் கை கழுவிவிட்டு வந்து வாங்குவார், சாமி பிரசாதம் வாங்குவது போல.

நீ மௌல்மீனில் மாமா கடையில் வேலை பழகப் போயிருந்த வருஷம் அது. சின்னையா என்று ஒருவன், அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன், நம் வீட்டுக்கு அடிக்கடி வருவான். நீ பார்த்ததில்லை. வாய் ஓயாது அவனுக்கு. மனைவியும் ஒரு கைக்குழந்தையும் ராமநாதபுரம் பக்கம் ஊரில். என்னை அக்கா என்பான், பழைய சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். உன் அப்பா அவனுக்குச் செய்த கொக்கி கிளி மூக்குப் போல முனை மடங்கியிருக்கும். ஒரு மழைக்காலத்தில் மேஸ்திரி படியேறி வந்து துணியைப் பிரித்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். எறும்பு, கிளிமூக்குக் கொக்கி. உடம்பு ஓடைச் சேற்றிலேயே பல நாள் கிடந்ததாம். உன் அப்பா கொக்கியின் முனையைத் தடவிப் பார்த்தார். அப்புறம், "நம்ம சின்னையாதான்" என்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். ஊருக்குத் தகவல் போயிற்று.

அறுவடை முடிந்து ஆட்கள் உள்நாட்டிலிருந்து திரும்பும் காலம். வாசலில் நல்ல வெயில், நான் வெள்ளிக் கொலுசு ஒன்றைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்துக்கொண்டிருந்தேன். "என்னக்கா, பத்தர் இல்லையா?" என்று ஒரு குரல். நிமிர்ந்தால் சின்னையா. கறுத்து இளைத்திருந்தான், பல் தெரியச் சிரித்தான். என் கையிலிருந்த கொலுசு தண்ணீரில் விழுந்தது. "என்னக்கா, பேயைப் பாத்த மாதிரி பாக்கிறீங்க?" என்றான். பிறகு அவனே விவரம் சொன்னான். மில்லுக்குப் புதிதாக வந்த ஒரு பையன், மீசை முளைக்காதவன், குளிக்கும்போது அவன் அரைஞாண் கயிறு அறுந்து ஆற்றோடு போய்விட்டதாம். ஆம்பிளை இடுப்பு ஒரு பொழுது வெறுமையாக இருக்கலாமா? பிணத்துக்குத்தான் அப்படி இருக்கும். பையன் பயந்துபோய் அழுதிருக்கிறான். சின்னையா தன் வெள்ளியைக் கழற்றி அவன் இடுப்பில் மாட்டிவிட்டான். தான் வேட்டிக் கரையைக் கிழித்துக் கட்டிக்கொண்டான். "சம்பளம் வந்ததும் கயிறு வாங்கிக்கிட்டு எனக்குத் திருப்பிக் குடுடான்னேன். அதுக்குள்ள என்னை உள்நாட்டுக்கு வயல் வேலைக்கு ஏத்தி அனுப்பிட்டாங்க. அவன் இங்க வந்து குடுத்தானாக்கா?" என்று கேட்டான். அதை வாங்கிப் போகத்தான் வந்திருந்தான்.

உன் அப்பா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டேதான் இருந்தார். வெளியே வரவில்லை. நான்தான் சொன்னேன், எனக்குத்தான் அந்தப் பாவம் விதித்திருந்தது. சின்னையா அடுத்த கப்பலிலேயே ஊருக்கு ஓடினான். அங்கே அவனுக்குப் பத்தாம் நாள் முடிந்து பெண்டாட்டி தாலியறுத்து மாதங்கள் ஆகியிருந்தன. பெரியவர்கள் கூடி, பரிகாரம் செய்து மறுபடி தாலி கட்டலாம் என்று சொன்னார்களாம். கட்டியும் இருக்கிறான். ஆனால் சில மாதத்தில் ரங்கூனுக்கே திரும்பி வந்து நம் படியில் உட்கார்ந்தான். "அவ என்னைக் கண்டா நடுங்குறாக்கா. ராத்திரி நான் திரும்பிப் படுத்தா எந்திரிச்சு உக்காந்துக்கிறா. அவ மேல தப்பில்லை. ஒரு தடவை அழுது தீர்த்துட்டா, இன்னொரு தடவை என்னைக் கொண்டுவந்து உசுரோட வைக்க அவளுக்கு மனசுல இடமில்லை" என்றான். அதற்குப் பிறகு அவன் பழைய சோறு கேட்கவில்லை. எங்கே போனான் என்றும் தெரியவில்லை.

அந்தப் பையனைப் பற்றி நீ கேட்பாய். யாருக்கும் தெரியவில்லை, ராசா. மில்லில் எல்லாரும் அவனைத் தம்பி, தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். சின்னையாவுக்கும் அவன் ஊர் தெரியாது. உன் அப்பா அவன் பெயரைத் தேடி மேஸ்திரி மேஸ்திரியாக அலைந்தார், கப்பல் துறையில் ஒவ்வொரு கூட்டத்திலும் போய் நின்றார், ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு நாள் வந்து உட்கார்ந்து எறும்பு அச்சை எடுத்தார், அரத்தை எடுத்தார். எறும்பு இருந்த முகம் மொழுமொழுவென்று ஆகும் வரை அராவினார். நான் தடுத்தேன். "முத்திரை செஞ்சவனைத்தான்டி சொல்லும். போட்டுக்கிட்டவனை அது எப்படிச் சொல்லும்? நான் சொன்னேன். எனக்குத் தெரியும்னு சொன்னேன்" என்றார். அன்றைக்குத்தான் உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். அப்பன் வாயால் ஒரு பெண்ணின் தாலி இறங்கியது என்று மகனுக்குத் தெரிய வேண்டாம் என்பது அவர் எண்ணம். எறும்பு இல்லை என்றதும் வருகிறவர்கள் குறைந்தார்கள். பத்தருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நீயே ஒரு தடவை சொன்னாய், அப்போதும் அவர் பேசாமல்தான் இருந்தார்.

நீ கப்பல் வேலை என்று வந்து நின்றாய். அவர் கண்ணில் பூவோடு, தடவித் தடவி, உனக்காக அந்த அரைஞாணைச் செய்தார். எத்தனை முறை வளையம் நழுவி விழுந்தது என்று நீ பார்க்கவில்லை. நீ போன பிறகு நான் அவரிடம் சண்டை போட்டேன். "அச்சுதான் போச்சு, ஊசியாலயாவது ஒரு எறும்பு கீறிக் குடுத்திருக்கலாமில்ல? புள்ளை மனசு எப்படி நொந்து போச்சு" என்றேன். அப்போதுதான் வாயைத் திறந்தார். "அவன் போறது கடலு. எறும்பு போட்டா என்னைக்காவது எவனாவது அதைத் துணியில சுத்திக்கிட்டு இந்தப் படியேறி வருவான். நான் தடவிப் பாத்துப் பேரைச் சொல்லணும். என்னால முடியாது. போடலேன்னா எங்கயோ நல்லா இருக்கான்னு நெனச்சுக்கிட்டே கண்ணை மூடிருவேன்" என்றார். படியில் காலடி கேட்டால் அவர் உடம்பு ஏன் தூக்கிப் போடுகிறது என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். அது கோபமில்லை, ராசா. உன் மேல் கோபமாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் அப்படி. நான் அப்படி இல்லை. எனக்கு அந்தத் தம்பியுடைய அம்மாவைப் பற்றித்தான் நினைப்பு. எந்த ஊரோ, அவள் இன்னும் தபால்காரன் வருகிற நேரத்துக்கு வாசலுக்கு வந்து நிற்பாள். மகன் ரங்கூனில் எவளையோ சேர்த்துக்கொண்டு தாயை மறந்துவிட்டான் என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்கள், அதையும் கேட்டுக்கொண்டு அவன் பங்குச் சோற்றை மூடி வைப்பாள். அவள் பிள்ளைக்கு வேறொருவன் பெயரில் கருமாதி நடந்து முடிந்துவிட்டது. அந்த நிலை எனக்கு வேண்டாம். கெட்ட சேதியானாலும் எனக்கு வந்துவிட வேண்டும். இப்படி எழுத எந்தத் தாய்க்கும் கை கூசும், எனக்கும் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அதனால் உன் அப்பா தூங்கும்போது அரைஞாணை எடுத்து, கொக்கியின் உட்புறத்தில் என் மெருகு ஊசியால் ஓர் எறும்பு கீறியிருக்கிறேன். எனக்கு அவர் கை வராது. மூன்று கால்தான் விழுந்தது. எறும்பு போலவே இல்லை, கால் முளைத்த நெல் போல இருக்கிறது. பரவாயில்லை, அப்படி ஒரு கோணல் எறும்பை இந்த ஊரில் வேறு எவளும் கீறியிருக்க மாட்டாள்.

அரைஞாணை உன் மாமா வீட்டுக்கு அனுப்புகிறேன். கப்பல் மௌல்மீனில் நிற்கும்போது போய் வாங்கிக்கொள். இடுப்பில் கட்டு. கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அதோடு கறுப்புக் கயிறு ஒரு கண்டும் வைத்திருக்கிறேன். கப்பலில் எவனுக்காவது அரைஞாண் அறுந்துபோனால் அதிலிருந்து வேண்டுமட்டும் கொடு. உன் வெள்ளியை மட்டும் ஒரு பொழுதுக்குக் கூடக் கழற்றிக் கொடுக்காதே. கொடுக்காதே என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற தாய் நல்லவள் இல்லைதான். சின்னையா செய்தது நல்ல காரியம், அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன். ஆனால் அவனிடம் கறுப்புக் கயிறு இருந்திருந்தால் அந்த நல்ல காரியத்தை அதைக் கொண்டே செய்திருப்பான். கயிறு தீர்ந்தால் எழுது, இன்னும் அனுப்புகிறேன். உன் அப்பாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுது. மன்னிப்பு, கின்னிப்பு ஒன்றும் வேண்டாம். சாப்பிட்டேன், தூங்கினேன், அரைஞாண் இடுப்புக்குச் சரியாக இருக்கிறது என்று எழுது, நான் படித்துச் சொல்கிறேன்.

இதுவரை எழுதி மடித்து வைத்துவிட்டேன். மறுபடி பிரித்து எழுதும்படி ஆகிவிட்டது. இன்று காலை நான் பொட்டலம் கட்டும்போது உன் அப்பா எழுந்து வந்து கையை நீட்டினார். மறைக்க முடியவில்லை, கொடுத்துவிட்டேன். வளையம் வளையமாகத் தடவிக்கொண்டே வந்தார். கொக்கியின் உட்புறத்தில் கட்டைவிரல் நின்றுவிட்டது. அரத்தைத் தேடுவார் என்று நினைத்து நான் அதை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் கோபப்படவில்லை. "எறும்புக்கு ஆறு காலு" என்றார். ஊசியைக் கேட்டார். பட்டறையில் போய் உட்கார்ந்தார், இத்தனை நாளுக்குப் பிறகு. மீதிக் காலைப் போடப் பார்த்தார். ஊசி வழுக்கிக் கொக்கியின் முனை வரை ஒரு கோடு இழுத்துவிட்டது. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார், பிறகு ஊசியைக் கீழே வைத்துவிட்டார். கண் தெரியாத மனுஷன் எவ்வளவு நேரம் அழுதார் என்று நான் எழுத மாட்டேன்.

கொக்கியைத் திருப்பிப் பார். மூன்று கால் எறும்பு நான் கீறியது. அதைத் தாண்டி நீளமாகப் போகிற கோடு உன் அப்பாவுடையது. இரண்டையும் இடுப்பில் கட்டிக்கொண்டு, வேறு யாரும் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவரும்படி விட்டுவிடாமல், நீயே படியேறி வா.

உன் அம்மா